எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கவில்லை என்கிறது மருத்துவமனை: வழக்கு நிற்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருந்துக்கடை பில் மட்டும் 1,12,000 ரூபாய். தினம் மூன்று வேளை போட்ட ஆன்டிபயாடிக் ஊசி ஒரு குப்பி 2,850 ரூபாய். அதே மருந்து வேறு கம்பெனி பெயரில் வெளிக்கடையில் 690 ரூபாய்க்குக் கிடைத்தது. நான்காம் நாள் ஆறு குப்பி வாங்கிக்கொண்டு போனேன். ‘வெளி மருந்தை இங்கே போட மாட்டோம்’ என்று நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறமும் 15 குப்பி அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டியதாயிற்று. கையுறை, சிரிஞ்ச், டியூப் என்று வந்த 19,000 ரூபாயை இன்சூரன்ஸும் தரவில்லை. கேட்டால், ‘எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லையே’ என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மருத்துவமனை சொல்வது அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். பெரிய மருத்துவமனைகள் எம்.ஆர்.பி.யைத் தாண்டும் தவறைச் செய்வதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே ‘விலை அதிகம்’ என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்பீர்கள். உங்கள் வழக்கின் உயிர் 2,850 என்ற எண்ணில் இல்லை. நர்ஸ் அந்த ஆறு குப்பியைத் திருப்பிக் கொடுத்தாரே, அதில் இருக்கிறது.

முதலில் விலை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் மருந்து விலையை 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஆள்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கும். சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் எல்லா பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்து, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அந்த வரம்பு. பட்டியலில் இல்லாத மருந்து என்றால் கதை வேறு. கம்பெனி முதல் விலையை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். அப்புறம் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே சட்டத்தின் பார்வையில் ‘மருந்து’ ஆகிவிட்டதால், உங்கள் பில்லில் இருக்கும் சிரிஞ்சுக்கும் டியூப்புக்கும் இந்த 10 சதவீத விதி பொருந்தும். ஆனால் உயரத்தில் ஏறி நின்றவனை ‘இனி மெதுவாக ஏறு’ என்று சொல்லி என்ன பயன்?

அதனால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் அந்த ஊசியின் பெயரைப் போட்டு, உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு இருந்து, குப்பியில் அச்சிட்ட விலை அதைத் தாண்டியிருந்தால் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். கூடுதலாக வாங்கியதை வட்டியோடு வசூலிப்பார்கள். ஆனால் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகும், உங்களுக்கு வராது. பலர் இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று தெளிவாக இல்லை. 690 ரூபாய் என்பது குப்பியில் அச்சிட்ட விலையா, கடைக்காரர் தள்ளுபடி போட்டுக் கொடுத்த விலையா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார். பில்லை எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரே மருந்துக்கு எம்.ஆர்.பி. ஏன் இப்படி மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது? சாதாரணமாக ஐந்து பேர் ஒரே பொருளை விற்றால் விலை இறங்க வேண்டும். உங்கள் தெருவில் ஐந்து காய்கறிக்கடை இருந்தால் தக்காளி விலை அப்படித்தான் இறங்குகிறது. மருத்துவமனை வார்டில் இது தலைகீழாகிறது. உதாரணத்துக்கு, இரண்டு கம்பெனிகள் ஒரே ஊசியை மருத்துவமனைக்குக் குப்பி 400 ரூபாய்க்குத் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அட்டையில் 700 என்று அச்சிடுகிறார், மற்றவர் 2,850 என்று அச்சிடுகிறார். மருத்துவமனை யாரிடம் வாங்கும்? முதலாமவரிடம் வாங்கினால் 300 நிற்கும், இரண்டாமவரிடம் வாங்கினால் 2,450. ஆக, விலையைக் குறைத்தவர் வெளியே நிற்கிறார், கூட்டி அச்சிட்டவர் உள்ளே வருகிறார். போட்டி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது உங்கள் அப்பாவைப் பிடிப்பதற்கான போட்டி இல்லை, மருத்துவமனையின் கொள்முதல் மேலாளரைப் பிடிப்பதற்கான போட்டி. வாங்குவது ஒருவர், பணம் கட்டுவது இன்னொருவர் என்று ஆனால் வேறு எப்படி நடக்கும்?

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை விலை நிர்ணய ஆணையம் 2018இல் அலசியது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. அந்த லாபத்தில் பெரும்பங்கு தயாரித்தவருக்குப் போகவில்லை, மருத்துவமனைக்கே போயிருந்தது. எம்.ஆர்.பி. என்பது நுகர்வோருக்குப் பாதுகாப்பாக வந்த ஏற்பாடு. அதை அச்சிடும் அதிகாரத்தையே பேரம் பேசி வாங்கிவிட முடியும் என்றால், அந்தப் பாதுகாப்பு எதற்கு?

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. அதுவும் ஒரு மிகப் பெரிய கொள்முதல்காரர்தான், அதன் கையிலும் பேரம் பேசும் பலம் இருக்கிறது. ஆனால் அங்கே வாங்குவதும் பணம் கட்டுவதும் அரசே. குறைத்து வாங்கினால் மிச்சமும் அரசுக்கே. அதனால்தான் அங்கே பேரம் விலையைக் கீழே இழுக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(41). ஒரு பொருளையோ சேவையையோ பெற வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’. கேஸ் கனெக்‌ஷன் வேண்டுமா, அடுப்பையும் என்னிடமே வாங்கு என்பார்களே, அதேதான். ‘இங்கே சிகிச்சை வேண்டுமானால் மருந்தும் இங்கேதான்’ என்பது இந்த விளக்கத்துக்குள் வருகிறது என்பது என் கருத்து. பணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே முடிவு செய்துவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலும், மருந்தை எங்கே வாங்குவது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று ஓர் உரிமை உண்டு. சாசனம் சட்டம் ஆகாதுதான், ஆனாலும் மனுவோடு இணைத்து வைத்தால் கனம் கூடும்.

மருத்துவமனைத் தரப்பு இரண்டு பதில்கள் வைத்திருக்கும். ஒன்று, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனைக் கடையிலேயே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்று வந்த பொதுநல மனுவில் நீதிமன்றம் நேரடி உத்தரவு எதையும் போடவில்லை. கொள்கை முடிவை மாநில அரசுகள் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ‘பார்த்தீர்களா, உச்ச நீதிமன்றமே தடுக்கவில்லை’ என்பார்கள். நாடு முழுவதற்கும் பொதுவாக ஓர் உத்தரவு போட மறுத்தது வேறு, குறிப்பிட்ட ஒரு நோயாளியைக் கட்டாயப்படுத்தியது சரி என்று சொல்வது வேறு. இரண்டாவதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

இன்னொரு பதிலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வெளியே வாங்கிய மருந்தைச் சரியான குளிரில் வைத்திருந்தார்களா, போலியா, அசலா என்று எங்களுக்கு எப்படித் தெரியும், ஏதாவது ஆனால் எங்கள் மேல்தானே பழி விழும் என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் தேவைப்பட்ட பொருளுக்கு இந்த வாதம் நிற்கும். நானும் ஒருமுறை அப்படிப்பட்ட கவுன்டரில் நின்றிருக்கிறேன். அட்டையைத் திருப்பி விலை பார்க்கத் தோன்றவே இல்லை, சீட்டை நீட்டினேன், கார்டைத் தேய்த்தேன். ஆனால் நான்காம் நாள் பகலில், லைசென்ஸ் உள்ள கடையிலிருந்து, பேட்ச் எண் போட்ட பில்லோடு ஒரு மகன் கொண்டுவந்த மருந்தை, பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பியதற்கு இந்த வாதம் போதாது.

ஆகவே 1,12,000 முழுவதையும் கேட்காதீர்கள். மூட்டையைப் பெரிதாகக் கட்டினால் நல்ல சரக்கும் அடியில் போய்விடும். நர்ஸ் மறுத்த பிறகு வாங்கிய 15 குப்பி, குப்பிக்கு 2,160 ரூபாய் வித்தியாசம், ஆக 32,400 ரூபாய். இதை முதல் கோரிக்கையாக வையுங்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தனியாகக் கேளுங்கள். இந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடவும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையுறை, சிரிஞ்ச் கணக்கில் நீங்கள் வெளியே வாங்க முயன்றதாகக் கடிதத்தில் இல்லை. அதனால் அது பலவீனம். ஒரு வழி மட்டும் உண்டு: அதே கம்பெனியின் அதே சிரிஞ்ச் வெளிக்கடையில் குறைந்த எம்.ஆர்.பி. அச்சோடு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு விதமான எம்.ஆர்.பி. அச்சிடும் தந்திரத்தை 2018 ஜனவரி முதல் பொட்டலப் பொருள் விதிகள் தடை செய்கின்றன. கிடைத்தால் இரண்டு கவரையும் படம் எடுத்து, அந்த விதிகளைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இந்தியப் போட்டி ஆணையத்துக்கும் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பெரிய ஆளாக இருப்பதைக் குற்றம் என்று சொல்வதில்லை, அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் சொல்கிறது. திருச்சியில் எத்தனையோ மருத்துவமனைகள் இருக்க, இது எப்படி ஏகபோகம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில், படுத்த பிறகு நோயாளிக்கு ஒரே கடைதான் என்பது. 2014இல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது ஆணையம் இப்படித்தான் பார்த்தது. காரை வாங்கும் வரைதான் போட்டி, வாங்கிய பிறகு உதிரிபாகத்துக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வழியில்லை. டெல்லி மருத்துவமனை ஒன்றில், இருபது ரூபாய்கூடப் பெறாத ஒரு சிரிஞ்சில் தொடங்கிய புகாரிலும் 2018இல் உள்நோயாளி ‘பூட்டப்பட்டவர்’ என்ற இந்தக் கோணத்தை எடுத்து விசாரணையை விரிவாக்கியது. ஆனால் தனிநபர் புகாருக்கே கட்டணம் 5,000 ரூபாய். வருடங்கள் ஆகும், உங்கள் 32,400ஐ அந்த ஆணையம் வாங்கித் தராது. ஊருக்காகப் போராடும் எண்ணமும் தெம்பும் இருந்தால் போங்கள்.

உங்களுக்கு ஏற்றது திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்திலேயே மனு போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. (இதை எழுதுபவர் ஒரு வக்கீல் என்பதைக் கவனிக்கவும்.) சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். அதற்கு முன் மருத்துவமனைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மருத்துவ ஆவணங்கள் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறி விதி. அதில் வார்டு நர்ஸ்கள் எழுதும் குறிப்புத் தாள்களை முக்கியமாகப் பாருங்கள். ‘உறவினர் வெளி மருந்து கொண்டுவந்தார், திருப்பி அனுப்பப்பட்டது’ என்று யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அன்று வீட்டாரோடு வாட்ஸ்அப்பில் ‘மருந்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று ஏதாவது அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, அந்த ஆறு குப்பி எங்கே? வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தால் பத்திரமாக வையுங்கள், பேட்ச் எண் தெரியும்படி படமும் எடுங்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், ரிட்டர்ன் பில் போட்டிருப்பார்கள். நாளைக்கே போய் அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.