ட்ரிப்பர் விழுதா? முதல்ல மெஷினைப் பாருங்க

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல மரவேலை பண்றேன். இழைக்கிற மெஷினைப் போட்டாலே ஆர்சிசிபிங்கற ட்ரிப்பர் விழுந்து வீடு முழுக்க கரண்ட் போயிடுது. எலக்ட்ரீசியன் 30 மில்லிஆம்பை எடுத்துட்டு 100 போட்டா சரியாயிடும்ங்கறார். வாங்கலாமா? (மஞ்சக்குப்பம்)

பதில்: வாங்காதீங்க. 30ங்கறது மனுஷனைக் காப்பாத்த வெச்ச அளவு, 100, 300 எல்லாம் தீப்பிடிக்காம இருக்கத்தான். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்றதும் சமமா இருக்கணும், நடுவுல எர்த் வழியாவோ உங்க ஒடம்பு வழியாவோ ஒழுகினா அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆர்சிசிபி விழுது.

எல்லா மெஷின் ப்ளக்கையும் கழட்டிட்டு ஒவ்வொண்ணா சொருகிப் பாருங்க. வீட்ல ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடிட்டு இருக்கட்டும். பாயிண்ட்டையும் மெஷின் சுவிட்சையும் போடாமலே, ப்ளக்கைச் சொருகினதுமே விழுந்தா பெரும்பாலும் உள்ள நியூட்ரல் எர்த்தைத் தொடுதுன்னு அர்த்தம். மெஷின் சுவிட்சைப் போட்டதும் விழுந்தா வைண்டிங்கை, அதாவது மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற கம்பியைப் பாருங்க. பத்து நிமிஷம் ஓடி சூடானப்புறம் விழுந்தா இன்சுலேஷன் போயிட்டு இருக்கு. மழை நாள்ல மட்டும் விழுந்தா ஈரம். நம்ம கடலோரத்துல உப்புக்காத்தும் மரத்தூளும் சேர்ந்து மோட்டாருக்குள்ள ஒட்டிக்கிட்டா அதுவே கரண்டுக்கு வழி ஆயிடும். வைண்டிங் கடையில 500 வோல்ட் மெக்கர்ங்கற இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டரை வெச்சுப் பார்ப்பாங்க, 1 மெகாஓமுக்குக் கீழ காட்டினா மெஷினைத் தொடாதீங்க.

எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம் வர்ற விஷயம் எர்த் பின்னைக் கழட்டிட்டா விழாதுன்னு சொல்லிக் குடுக்கிறவங்க. 2011ல தானே புயல் அடிச்சப்புறம் விழுந்த மரத்தை அறுக்கலாம்னு ஒரு பழைய ரம்ப மெஷின் பில்லு இல்லாம வாங்கினேன், ப்ளக்கைத் திறந்தா பச்சை வயரை ஒட்ட வெட்டி கறுப்பு டேப் சுத்தி வெச்சிருந்தாங்க, டெஸ்டரை பாடியில வெச்சதும் எரிஞ்சுது. விழாம இருக்குன்னு நம்பி அதை ஈரக் கையோட தொட்டிருந்தா அந்தக் கரண்டுக்கு நான்தான் எர்த். எர்த்தை வெட்டி விக்கிறது கொலைக்குச் சமம்னுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: சண்டே மார்க்கெட்ல பழைய கிரைண்டர் வாங்கினேன், பில் தரலை. தொட்டா லேசா ஷாக் அடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டு யூஸ் பண்ணலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: கூடாது. இப்பவே ப்ளக்கைப் புடுங்குங்க.

கேள்வி: கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது எம்சிபி மட்டும் விழுது, ஆர்சிசிபி நிக்குது. (நெல்லிக்குப்பம்)

பதில்: இது லீக்கேஜ் இல்லை. எம்சிபிங்கறது கரண்ட் அளவு மீறினா விழற ட்ரிப்பர். மோட்டார் கிளம்பும்போது அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், பி டைப் எம்சிபி அது மேல போட்டிருக்கிற ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்குக்குள்ளயே விழுந்துடும். சி டைப் போடுங்க, அது 5 முதல் 10 மடங்கு. ஆம்பியரை மட்டும் ஏத்தாதீங்க, வயர் தாங்காம சுவத்துக்குள்ள வேகும். எத்தனை ஆம்பியர், எந்த டைப்னு எழுதவே இல்லையே, அதைக்கூட பார்க்காமதான் வாங்கினீங்களா?

கேள்வி: பாண்டியில புது டேபிள் ரம்பம் 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் நாளே ட்ரிப். கடைக்காரர் உங்க வீட்டு வயரிங் சரியில்லைங்கறார். பக்கத்து வீட்டுலயும் விழுது. இதை வெச்சுத்தான் சார் பொழப்பு. (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: தம்பி, உங்க பக்கம் நியாயம் இருக்கு. ரெண்டு வீட்லயும் விழுதுன்னா கோளாறு மெஷின்லதான் இருக்கணும். மெக்கர் ரீடிங்கை எழுத்துல வாங்குங்க, கடைக்குப் பதிவுத் தபால்ல லெட்டர் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் பண்ணுங்க. அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், அதனால கடலூர்லயே போதும், பாண்டிக்கு அலைய வேணாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலுக்கு வாங்கினது செல்லாதுன்னு பயமுறுத்துவாங்க, சொந்தப் பொழப்புக்கு நீங்களே வேலை செய்ய வாங்கினா நீங்களும் நுகர்வோர்தான். பில்லை இன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க, கடை பில்லுல எழுத்து நாளாக நாளாக மங்கிடும்.