எழுதி வைக்காத அனுமானங்கள்: அரச, பாதுகாப்பு மென்பொருள் கேள்வி-பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நிலாவெளி வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். படைகள் பயன்படுத்தும் பாதுகாப்பு மென்பொருளில் ஆய்வு செய்ய ஆசை. கடற்படை டொக்யார்ட் இவ்வளவு கிட்ட இருந்தும் ஒரு வரி நிரல்கூடத் தரமாட்டார்களே சேர்?

பதில்: தரமாட்டார்கள் தங்கச்சி, தரவும் கூடாது. உலகத்தில் எங்கே இந்த ஆராய்ச்சி செய்தாலும் இதுதான் முதல் முட்டுக்கட்டை: தரவு கிடைக்காது, கிடைத்தாலும் வெளியிட விடமாட்டார்கள், வெளியிடாத முடிவை இன்னொருவர் சரிபார்க்கவும் முடியாது. அதனால் விபத்து விசாரணை அறிக்கைகளைத் தோண்டுங்கள். ஏரியன் 5 ராக்கெட் பற்றிய 1996 அறிக்கை, எதிரி ஏவுகணையை வானில் மறிக்கும் பேட்ரியட் ஏவுகணை பற்றி அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் 1992இல் வெளியிட்டது, இரண்டும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. இல்லாவிட்டால் ஆர்டுபைலட் மாதிரி ட்ரோன் ஓட்டுகிற திறந்த மூல மென்பொருள் ஒன்றை எடுங்கள், பல வருடத்துப் பிழைப் பதிவுகளும் அதோடு வரும்.

கேள்வி: பேட்ரியட் கதையில் 0.1 விநாடியைச் சரியாகக் கணக்கிடாததுதான் பிழை என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: கணக்கில் அவ்வளவுதான். 0.1 இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும், அதை 24 பிட்டில் வெட்டினார்கள், வெட்டியது சேர்ந்து சேர்ந்து 100 மணிநேரத்தில் மூன்றில் ஒரு விநாடி பிசகியது. அதற்குள் ஒரு ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். 1991 பெப்ரவரி 25, சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் மறிக்கத் தவறிய ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். ஆராய வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. வடிவமைத்தவர்கள் இந்தக் கருவி இடம் மாறி மாறிச் சில மணிநேரம்தான் ஓடும் என்று நினைத்திருந்தார்கள், நாள்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே பிசகைச் சொல்லிவிட்டார்கள். மிக நீண்ட நேரம் ஓட்டினால் குறி விலகலாம் என்று படைகளுக்கு எச்சரிக்கையும் போனது, எத்தனை மணிநேரம் என்பது மட்டும் அதில் இல்லை! திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் திகதி.

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பெரிய கேள்வியே இதுதான்: செய்தவர் மனதில் மட்டும் இருந்த ஓர் அனுமானம், பல வருடம் கழித்து வேறு நாட்டில் வேறு எதிரிக்கு முன்னால் பொய்க்கும்போது, அதை மென்பொருளே கண்டுபிடித்துக் கத்த வைப்பது எப்படி?

கேள்வி: பிரதேச செயலகத்தில் வேலை. பழைய அடையாள அட்டை இலக்கமும் புதியதும் உள்ளவர் கணினியில் இரண்டு ஆளாகிறார். இதெல்லாம் ஆராய்ச்சியா அண்ணா?

பதில்: நல்ல ஆராய்ச்சி தம்பி. பழையதில் 9 எண்ணும் ஓர் எழுத்தும், 2016இல் வந்த புதியதில் 12 எண். மாற்றுவது சுலபம்: முன்னால் 19, நாள் எண்ணுக்குப் (பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று காட்டும் மூன்று எண்) பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். சரி, இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்த நாள் எண் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு என்று வைத்தே எண்ணப்பட்டது. இது தெரியாமல் வழமையான திகதிக் கணக்கில் போட்டால், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 தொடக்கம் பிறந்த எல்லோருக்கும் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப்போகும். அப்புறம் பெயர். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தில் இன்னொரு மாதிரி, சிங்களத்தில் பதிந்த இடத்தில் மூன்றாவது மாதிரி. ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து எழுதிய பொருத்தும் நிரல்கள் இதில் தடுமாறும். மூன்று எழுத்திலும் பெயர் பொருத்துவதை இங்குள்ளவர்கள்தான் ஆராய வேண்டும். (ஆட்களின் உண்மைத் தரவைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோய் மட்டும் செய்யாதீர்கள்.)

கேள்வி: பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கப் புதிதாக எழுதினால் என்ன?

பதில்: எஃப்பிஐ முயன்றது. வழக்குக் கோப்புகளுக்கான மென்பொருள், ஏறத்தாழ 170 மில்லியன் டொலர், 2005இல் கைவிட்டார்கள். துண்டு துண்டாக மாற்றுங்கள்.

கேள்வி: மென்பொருள் சரியென்று கணிதத்தால் நிறுவலாமாம். பிறகு ஏன் சோதனை?

பதில்: எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை 2009இல் அப்படி நிறுவினார்கள், பிறகு அது டார்பா என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டமொன்றில் ஆளில்லா ஹெலிகொப்டரிலும் ஏறியது. கிட்டத்தட்ட 8,700 வரி சி மொழி. எஃப்-35 விமானத்தில் 80 இலட்சம் வரிக்கு மேல். அந்தச் சின்னக் கருவுக்கான நிறுவலும் வன்பொருள் சொன்னபடி நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது, அதனால் சோதனை எங்கேயும் போகாது.

கேள்வி: ஏடா என்ற நிரல் மொழி படித்தால் பிழைக்கலாமா?

பதில்: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செய்வித்த மொழி, 1983இல் தரமாக்கப்பட்டது. ஏரியன் 5இல் சறுக்கிய நிரலும் ஏடாதான். ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்தது. 7 மாறிகளில் 4க்குக் காப்புப் போட்டு, மற்ற 3 எல்லை மீறாது என்று விட்டிருந்தார்கள், பழைய ராக்கெட்டில் அது உண்மையும்கூட. புதியதன் கிடைவேகம் கூட, 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை, கிளம்பி 40 விநாடி அளவில் வெடித்தது. மொழியில் குறை இல்லை, படியுங்கள். ஸ்பார்க் என்ற அதன் உட்பிரிவில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் முன்நிபந்தனையை எழுதி வைத்துக் கருவியால் சரிபார்க்கலாம், கருவியும் இலவசம். கொழும்பில் ஏடா கேட்டு வேலை விளம்பரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, அதனால் ஜாவாவை விட்டுவிட வேண்டாம்.