முதியோர் இல்லத்தில் பாரிசவாதப் பயிற்சி

உப்புவெளி முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாரிசவாத (ஸ்ட்ரோக்) அறிகுறிகளை ஒரு மணி நேரத்தில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

படம் காட்டுவதைக் குறைத்து, செய்ய வையுங்கள். இருவர் இருவராக நிற்கட்டும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டினால் ஒன்று தாழ்கிறதா? "கோணேசர் கோயிலுக்குப் போனேன்" என்று சொல்லும்போது நாக்குக் குழறுகிறதா? இதில் ஒன்று பிழையாக இருந்தாலும் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

பெரும்பாலும் கோட்டை விடுவது நேரத்தில்தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் வேறு இருக்கிறது. விடியப்புறம் எழும்பும்போதே கை தூக்க முடியாத ஐயாவுக்கு, "இரவு மூன்றரைக்குத் தண்ணீர் கேட்டுக் குடித்தார், நன்றாகப் பேசினார்" என்று இரவு வேலைக்காரர் கொப்பியில் எழுதிய வரி பெரிய உதவி. இதை முதல் நாளே பழக்குங்கள்.

அப்புறம், வாயில் தண்ணீரோ அஸ்பிரினோ கொடுக்கவே கூடாது. புரைக்கேறும், மூளையில் இரத்தக்கசிவு என்றால் அஸ்பிரின் இன்னும் கெடுக்கும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் இதே போலத் தெரியலாம். 1990க்கு அழைத்துவிட்டு, குளுக்கோமீற்றரில் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும்.