சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு காரில் போகிறோம். நடுவழியில் டயர் பஞ்சரானால் நாமே எப்படிச் சமாளிப்பது?

ட்யூப்லெஸ் டயர், டிக்கியில் ஸ்டெப்னி, கூடவே ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டயர் மாற்றுவது அரை மணி நேர வேலைதான். ஆட்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: ஸ்டெப்னியில் காற்று இருக்காது, இல்லையென்றால் நட்டு அசையாது. இரண்டையும் கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். சும்மா கிடக்கும் டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். அதனால் காற்று பிடிக்கும்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துக் கொடுங்கள், அதற்கு மட்டும் மூன்று நாலு பிஎஸ்ஐ கூட வையுங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஐந்து பேர், பெட்டி படுக்கை என்று போனால் அதே ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி அடியில் தொங்கும். டிக்கிக்குள் இருக்கும் ஒரு போல்ட்டைத் திருகித்தான் அதைக் கீழே இறக்க வேண்டும். அந்தப் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நட்டு ஏன் அசையாது என்றால், டயர் கடையில் ஏர் கன் வைத்து முறுக்கி விட்டிருப்பார்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனருக்கு அது பிடி கொடுக்காது. கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் கிராஸ் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாருதிக்குப் பெரும்பாலும் 19, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 21, ஃபோக்ஸ்வேகனுக்கு 17 மில்லிமீட்டர் அளவு. வாங்கும்போதே உங்கள் நட்டில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். எல்லா நட்டையும் ஒருமுறை தளர்த்தி, ஏர் கன் இல்லாமல் இந்த ஸ்பேனராலேயே திரும்ப இறுக்கி வைத்தால் ரோட்டில் வேலை மிச்சம். அலாய் வீலுக்குத் திருட்டுப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்பதையும் தேடி எடுத்து வையுங்கள்.

இனி ரோட்டுக்கு வருவோம். முன்டயர் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், பின்டயர் என்றால் வண்டியின் பின்பக்கம் ஆடும். டயர் வெடித்தே விட்டாலும் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். 30, 40க்கு வந்த பிறகு இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கலாம்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் இதில் எல்லாவற்றையும் விட முக்கியம். காற்றில்லாமல் ஓட்டினால் டயர் போய்விடும் என்று பயந்து பலர் ரோட்டிலேயே, மேம்பாலத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். டயர் போனால் போகட்டும். நடக்கிற வேகத்தில் இருநூறு முந்நூறு மீட்டர் உருட்டியாவது, வளைவையும் பாலத்தையும் தாண்டி, பின்னால் வருகிறவர் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் அதற்குள்ளேயே போய்விடுங்கள். வலப்பக்க டயர் என்றால் மாற்றுகிறவர் முதுகு லாரிகளைப் பார்த்தபடி இருக்கும், அதனால் வண்டியை இன்னும் உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.

நின்றதும் ஹசார்ட் விளக்கு (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது), ஹேண்ட் பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் பி. எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, ரோட்டோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். தூங்குகிற குழந்தையையும் பெரியவர்களையும் உள்ளேயே உட்கார வைப்பது ஆபத்து. ஜாக்கி சரியலாம், பின்னால் லாரி மோதலாம். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டரில், அதாவது எழுபது தப்படி தள்ளி வையுங்கள். ஓரத்தில் எதிர்த்திசையில் டூவீலர்கள் வரும், அந்தப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்.

மாற்றுகிற டயருக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் டயரின் இரண்டு பக்கமும் கல் வைத்து அண்டை கொடுங்கள். வீல் கப்பை எடுத்துவிட்டு, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் கூடவே சுற்றும், இழுக்கிற இழுப்பில் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். நட்டு இறுகியிருந்தால் ஸ்பேனர் கைப்பிடி இடப்பக்கம் கிடையாக நீட்டி நிற்கும்படி மாட்டி, முனையில் காலை வைத்து மெதுவாக எடையைக் கொடுங்கள். ஏறிக் குதித்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

ஜாக்கி வைக்கும் இடம் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பைத் தடவினால் இரண்டு சிறு வெட்டுகள் கையில் படும். ஜாக்கித் தலையின் பள்ளம் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். தள்ளி வைத்தால் தகடு மடங்கும். தார் ரோட்டை விட்டு மண்ணில் நின்றால் ஜாக்கிக்கு அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி பலகை போடுங்கள். மழைக்காலத்தில் பலகை இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். டயர் தரையைவிட்டு எழும்பியதும் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு அங்குலம் தூக்குங்கள், காற்றுள்ள ஸ்டெப்னிக்கு உயரம் கூடுதல். ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நடுவில் துருப்பிடித்திருக்கிறது. வண்டிக்கு அடியில் கையோ காலோ இல்லாமல், டயரின் பக்கவாட்டில் குதிகாலால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்டினால் விட்டுவிடும். கழற்றிய டயரை ஸ்டெப்னி கிடந்த இடத்தில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டின் கூம்பான பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும், மரையில் எண்ணெய் கூடாது. கையால் முடிந்தவரை திருகி, வண்டியை இறக்கிய பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் ரிம் சாய்ந்து உட்காரும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 40 கிலோ பாரம் கொடுக்கிற அளவுக்கு இறுக்கினால் போதும். 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் பிடிக்கும் நட்டு ஒன்று இருக்கலாம். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதை ஓட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம் என்று நினைக்காமல் அடுத்த ஊரிலேயே பஞ்சர் ஒட்டிவிடுங்கள்.

ஆணி குத்தியதெல்லாம் உடனே ஸ்டெப்னி மாட்டுகிற விஷயம் இல்லை. ட்யூப்லெஸ்ஸில் ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் காற்றுப் பம்பு இருந்தால், இன்ஜினை ஓட விட்டுக் காற்று பிடித்து, 60க்குள் ஓட்டி, இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்தபடி பஞ்சர் கடை வரை போய்விடலாம். என்னைக் கேட்டால், பாட்டுப் பெட்டிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் வாங்க வேண்டியது இந்தப் பம்புதான். ஸ்டெப்னியே இல்லாமல் வரும் எலெக்ட்ரிக், சிஎன்ஜி கார்களில் பம்போடு அடைப்புத் திரவப் பாட்டிலும் கொடுப்பார்கள். அது ஆணி ஓட்டையை அடைக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. திரவம் ஊற்றியிருந்தால் பஞ்சர் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே கழுவித்தான் ஒட்ட வேண்டும்.

ஒன்றும் முடியவில்லை என்றால் 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். விக்கிரவாண்டி டோல் தாண்டியா, சமயபுரம் வருவதற்கு முன்னாலா, எந்தப் பக்கம் போகிற ரோடு, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொன்னால் தேடாமல் வந்துவிடுவார்கள்.

பஞ்சர் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீரில் முக்கும்போது குமிழி வரும் இடத்தை நீங்களே பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு ஆணிக்கு நாலு பஞ்சர் கணக்குச் சொல்கிற கடைகளும் உண்டு. ரோட்டில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான் ஒட்டு நிற்கும். பக்கவாட்டில் குத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் நெடுஞ்சாலை வேகத்துக்கு அந்த டயர் ஆகாது. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கருப்பு ரப்பர் தூள் கொட்டினால் பக்கச்சுவர் அரைந்துவிட்டது என்று அர்த்தம், ஒட்டுக்குக் காசு கொடுக்காமல் புது டயர் வாங்கிவிடுங்கள்.