மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பைபிள் சொல்வதை இன்றைக்கும் அப்படியேதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எனக்குள் இந்தக் கேள்வி முளைத்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், சித்தி மகள் கல்யாணத்தன்று. தேவசெய்தி கொடுத்தவர் ஆதியாகமம் 2:18-ஐ எடுத்தார். "ஏற்ற துணையை அவனுக்கு உண்டாக்குவேன்." துணை என்றால் லாரி கெலிண்டான் மாதிரியாம், அதாவது ஓட்டுநருக்கு எடுபிடி. லாரியை அவன் ஓட்டுவான், இவள் பின்னால் நின்று "கோஸ்தான், கோஸ்தான்" (பின்னால் எடு) என்று கை காட்ட வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண்ணும்தான்.

சாப்பாட்டு மேசையில் பாட்டி கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தார். அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். "46-ஆம் சங்கீதம், முதல் வசனம் படிம்மா" என்றார். பிரியாணிக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்."

"இங்கயும் துணைதானே? அப்போ கடவுள் யாருக்குக் கெலிண்டான்?"

பாட்டிக்கு எபிரெயம் தெரியாது. ஆனால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஆதியாகமத்தில் 'துணை' என்று வருவது 'ஏசேர்' என்ற எபிரெயச் சொல். சங்கீதம் 46-ல் இருப்பதும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். 121-ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடத்திலிருந்து 'ஒத்தாசை வரும்' என்று பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் இதே ஏசேர்தான். கடவுளைச் சொல்லும்போது பலமாகத் தெரிகிற சொல், பெண்ணைச் சொல்லும்போது மட்டும் எடுபிடியாகிவிடுகிறது. அது வசனத்தின் வேலை இல்லை, வாசிக்கிறவர்களின் வேலை.

சரி, கீழ்ப்படிதலுக்கு வருகிறேன். கல்யாணப் பிரசங்கம் எப்போதும், மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22-ல்தான் ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. வத்திக்கான் சுவடி போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது. 21-லிருந்துதான் இரவல் வாங்குகிறது. 21-ஐ வெட்டிவிட்டால் 22 வாக்கியமாகக்கூட நிற்காது. மனைவிகளுக்கு 3 வசனம் சொன்ன அப்போஸ்தலன் பவுல், 25-லிருந்து கணவன்மாருக்கு அதைவிட நீளமாகப் பாடம் எடுக்கிறார். அதை விளக்கி எந்தக் கல்யாணத்திலும் லாரிக் கதை நான் கேட்டதில்லை.

'சபையில் ஸ்திரீகள் பேசக்கூடாது' என்று 1 கொரிந்தியர் 14:34-ஐக் காட்டுவார்கள். அதே நிருபம் 11:5-ல் பெண்கள் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்லுவதும் நடப்பதாகவே எடுத்துக்கொண்டு, முக்காடு பற்றி மட்டும் பேசுகிறது. பேசாமல் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வது?

எல்லாம் இப்படிச் சுலபமாக அவிழ்ந்துவிடாது. 1 தீமோத்தேயு 2:12 எனக்கு இன்னும் தொண்டையில் சிக்கிய முள். பெண் உபதேசிக்கவோ ஆண்மேல் அதிகாரம் செலுத்தவோ உத்தரவில்லை என்கிறது. அங்கே 'அதிகாரம்' என்பதற்கு வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை, அதனால் பொருளில் இன்னும் சண்டை. இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்தத் தீமோத்தேயு அப்போது இருந்தது எபேசு நகரத்தில். அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் என்ற பெண் கணவனோடு சேர்ந்து, பேச்சில் வல்லவரான அப்பொல்லோ என்ற போதகருக்கே பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த வசனத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பவுலுக்கு அன்னிக்கு அந்த ஊர்ல என்ன தொல்லையோ" என்றார்.