வலிப்பும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களும்

வணக்கம். வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாத உங்கள் தங்கைக்கு, மாதவிடாய்க்கு 2, 3 நாட்கள் முன்பு மட்டும் வலிப்பு வருவதாகவும், வீட்டில் அதை மனப்பயம் என்று ஒதுக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது மனப்பயம் அல்ல. நரம்பியல் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்றுதான்.

புரோஜெஸ்டிரோன் என்னும் பெண் ஹார்மோன் மூளையில் அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருளாக மாறி, நரம்பணுக்களின் மேலுள்ள காபா ஏற்பிகளின் (மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளை ஏற்கும் புரதங்களின்) வேலையைக் கூட்டுவதால், குளோரைடு அயனிகள் அதிகமாக உள்ளே புகுந்து அந்த அணுக்களின் துடிப்பை அடக்கி வைக்கின்றன. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில், குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் வழியாக நரம்பணுக்களுக்கு வரும் தூண்டலை வளர்க்கிறது. பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியில், செய்திகளைப் பெறும் நரம்பணுக் கிளைகளின் நுண்முட்கள், இந்த ஹார்மோன்கள் ஏறி இறங்கும் 4, 5 நாள் சுழற்சிக்குள்ளேயே பெருகிக் குறைவதை 1990-இல் கண்டார்கள். இன்றும் என்னை வியக்க வைக்கும் செய்தி இது. மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் சட்டென்று சரியும்போது, அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது.

வலிப்பு வந்த நாட்களையும் மாதவிடாயின் முதல் நாளையும் 3 மாதங்களுக்கு ஒரே நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்தவை, லாமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தின் இரத்த அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடக்கூடும். மருத்துவரைப் பார்க்கும்வரை வலிப்பு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.