மூச்சுப் பரிசோதனையில் 'நெகட்டிவ்': நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். முடித்து மூன்று வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தேன். முன்பு 28 இருந்த அளவு இப்போது 2.1, 'நெகட்டிவ்'. இடையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. கிருமி போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரணம், நீங்கள் நிறுத்தாத அந்த மாத்திரை.

நீங்கள் குடித்த கரைசலில் யூரியா இருந்தது. அதில் வழக்கமான கார்பனுக்குப் பதில் சற்றே கனமான கார்பன்-13 இருக்கும். அதில் கதிர்வீச்சு கிடையாது, பயம் வேண்டாம். இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைத்தால் அந்தக் கனமான கார்பனோடு வரும் கார்பன் டை ஆக்சைடு, ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். குடிப்பதற்கு முன் ஒரு பை, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பை ஊதச் சொல்லியிருப்பார்களே, அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் 2.1. பல ஆய்வகங்கள் 4-ஐ ஒட்டி எல்லை வைக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள்.

பான்டோபிரசோல் கிருமியை ஒழிக்காது, அடக்கி மட்டும் வைக்கும். கிருமி குறைந்து நொதியும் அடங்கியிருக்கும் நேரத்தில் ஊதினால், உள்ளே இருந்தும் 'நெகட்டிவ்' காட்டலாம். இதே நிலையில் 'பாசிட்டிவ்' வந்திருந்தால் பெரும்பாலும் நம்பியிருப்பேன். மூன்று வாரம் என்பதும் அவசரம்தான்.

அதனால் இன்னொரு முறை செய்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம், பான்டோபிரசோல் நிறுத்தி 2 வாரம் ஆகியிருக்க வேண்டும்; வெறும் வயிற்றில் போங்கள். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு வந்தவர்களும் தாங்களாக நிறுத்தவே கூடாது. நீங்களும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நிறுத்துங்கள். நடுவில் நெஞ்செரிச்சல் வந்தால் சாதாரண ஆன்டாசிட் திரவம் போதுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அப்புறம், முன்பு வந்த 28-ஐ நினைத்துக் கலங்க வேண்டாம். புண் எவ்வளவு பெரிது என்பதை அந்த எண் சொல்லாது. கிருமி போனதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் செய்யாதீர்கள். கிருமி ஒழிந்த பிறகும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.